இரைப்பைக்குள் புகுந்த ஒளி

செகந்தராபாத் நகரில், லாலாகுடா இரயில்வே பட்டறையை அடுத்த குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றிப் பெரியோர் ஒரு வேடிக்கை கூறுவதுண்டு: வீட்டுக்கொரு முருங்கை மரம், வீட்டுக்கொரு வயிற்றுப்புண். முருங்கையின் செய்தி எவ்வாறாயினும், புண்ணைப் பற்றிய பகுதி எமது வீட்டளவில் மெய்யே. எம் தாய்மாமன் 1963-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலிருந்து இங்கு வேலைக்கு வந்தவர். வந்த சில ஆண்டுகளிலேயே, இரவு இரண்டு மணியளவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதும், ஒரு தம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் உட்கொண்ட பின்னர் மீண்டும் படுப்பதும் அவருக்கு வழக்கமாயின. 1974-இல் ரண சிகிச்சை செய்தனர். அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் நரம்பை அறுத்து, இரைப்பைக்கும் சிறுகுடலுக்குமிடையே புதிதாக ஒரு வழியை அமைத்தனர். அதன் பின்னர்ப் புளி, மிளகாய், கடுகு தாளித்த எதுவும் அவர் இலைக்கு வரவில்லை.

நோயின் காரணம் யாது? மாமி வற்றல் குழம்பைக் குறை கூறினார். பாட்டியார் அந்நிய ஊர்த் தண்ணீரைக் குறை கூறினார். பட்டறை நண்பர்கள் மேலதிகாரியைக் குறை கூறினர். டாக்டர் பொதுவாகக் கவலை என்றார். ஊரைவிட்டு வந்து வாழும் நம்மனோர்க்கு இவை நான்கும் நன்கு பழக்கமான குற்றவாளிகளே அல்லவா?

வைத்திய அறிஞர்களும் அக்காலத்தில் இதற்கு வெகு தொலைவில் இருந்தாரல்லர். எவரெஸ்ட் சிகரம் ஏறும் 1922-ஆம் ஆண்டு முயற்சியில் பங்குகொண்ட ஹோவர்ட் சாமர்வெல் என்னும் ஆங்கில ரண வைத்தியர், அம்மலையை விட்டுத் தென்திருவிதாங்கூரின் நெய்யூர் மருத்துவமனையில் வந்தமர்ந்தார். இன்று அவ்வூர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. முன்சிறுகுடற் புண்ணால் வாடி அவரிடம் வந்த ஏழைகள் மிகப்பலர். அவர்தம் உணவின்மீதே அவருக்கு ஐயம் விழுந்தது. பின்னர் 1964-இல், இரயில்வே மருத்துவத் துறையைச் சேர்ந்த மல்ஹோத்ரா என்பார், தென்னாட்டிலும் கீழ்நாட்டிலும் அரிசியுண்பாரிடையே இந்நோய் மிகுதி என்றும், வடமேற்கில் கோதுமையுண்பாரிடையே குறைவு என்றும் ஆராய்ந்து எழுதினார். கோதுமை ரொட்டியை மென்று மென்று உண்பதால் உமிழ்நீர் பெருகி இரைப்பையைக் காக்கிறது என்பது அவர் கருத்து. அவ்வாராய்ச்சி எளிதில் தள்ளத்தக்கதன்று. உணவுக்கும் ஒரு பங்கு உண்டென்பதை இன்றும் எவரும் முற்றாக மறுத்திலர். ஆயினும் இவர்கள் அனைவரும் நோயாளியின் இலையைப் பார்த்தனர்; அவனது ஊரைப் பார்த்தனர்; கத்தி வைத்த வேளையில் புண்ணையும் பார்த்தனர். புண்ணைச் சூழ்ந்திருந்த உயிரை மட்டும் பார்க்கவில்லை.

இரைப்பையின் சுவரை உற்று நோக்கி நோயின் மூலத்தைக் கண்ட பெருமை இந்நகருக்கு ஒருமுறை முன்னரே வாய்த்ததுண்டு. அது மனிதனுடைய இரைப்பையன்று, கொசுவினுடையது. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், ரொனால்டு ராஸ் என்னும் படை வைத்தியர், மலேரியா நோயாளியான உசேன்கான் என்பவரின் இரத்தத்தைக் குடித்த கொசுவொன்றை அறுத்து, அதன் இரைப்பைச் சுவரில் கருநிறத் துகள்களோடு கூடிய வட்ட உருவங்களைக் கண்டார். குடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் உசேன்கானுக்குக் கூலி கிடைத்ததாம். அந்தக் கட்டடம் இன்றும் பேகம்பேட்டையில் நிற்கிறது. அவ்வழியே அலுவலகம் செல்லும் நாட்களில் எமக்கு ஒன்று தோன்றுவதுண்டு: கொசுவின் வயிற்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் காணலாம், உயிரோடிருக்கும் மனிதனின் வயிற்றை எங்ஙனம் காண்பது?

அதற்கான முயற்சி ராஸுக்கு முப்பதாண்டுகள் முன்னரே தொடங்கிவிட்டது. ஜெர்மனியில் பிரைபர்க் நகரத்து வைத்தியர் குஸ்மால், 1868-இல், வாள் விழுங்கும் கழைக்கூத்தாடி ஒருவரைக் கொண்டு நேரான உலோகக் குழாயொன்றை இரைப்பை வரை செலுத்திக் காட்டினார். குழாய் சென்றது, ஒளி செல்லவில்லை. விளக்கின் மங்கலான வெளிச்சத்தில் ஒன்றும் துலங்கவில்லை. 1932-இல் ஷிண்ட்லர் என்பவர் பல கண்ணாடி வில்லைகளைக் கோத்து, ஓரளவு வளையும் குழாயை அமைத்தார். அதுவும் நோயாளிக்குப் பெருந்துன்பமே.

திருப்பம் ஓர் இந்தியரால் வந்தது. பஞ்சாபின் மோகா நகரிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து, மயிரிழை போன்ற கண்ணாடி நார்களைக் கட்டாகக் கட்டி, வளைந்த வழியிலும் ஓர் உருவத்தைச் செலுத்தலாம் என்பதை 1954-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அதைக் கண்ணுற்ற ஹிர்ஷோவிட்ஸ் என்னும் வைத்தியர் அமெரிக்காவில் தம் துணைவரோடு உழைத்து, 1957-இல் வளையும் நார்க்கருவியை உருவாக்கி, முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். பிற்காலத்தில் கண்ணாடி நார் போய், கருவியின் முனையிலேயே சிறு மின்னணுக் கண் வந்தமைந்தது. வைத்தியர் ஒருவர் ஒற்றைக் கண்ணால் துளையில் பார்த்த நிலை மாறி, அறையிலுள்ளோர் அனைவரும் திரையிற் காணும் நிலை ஏற்பட்டது.

ஒளி புகுந்துவிட்டது. இனிக் காணவேண்டியதைக் கண்டிருப்பர் என்று எண்ணுவோமாயின் ஏமாறுவோம். கபானியின் கட்டுரை வெளிவந்த அதே 1954-ஆம் ஆண்டில், அமெரிக்க வைத்தியர் பாமர், ஆயிரத்துக்கு மேற்பட்ட இரைப்பைத் திசுத் துணுக்குகளை ஆராய்ந்து, அங்கே கிருமி எதுவும் குடியிருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதினார். அதற்கு முன்னரே இத்தாலியரான பிட்ஸோஸெரோ, 1893-இல், நாய்களின் இரைப்பையில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டிருந்தார். ஆனால் பாமருக்குக் கையிலிருந்த சாயம் அக்கிருமியை எடுத்துக்காட்டாத சாயம். அவர் முடிவோ உறுதியாக ஒலித்தது. அமிலக் கடலில் உயிர் வாழாது என்னும் கொள்கை அதற்குத் துணை நின்றது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு அக்கேள்வியைப் பலரும் மறந்திருந்தனர். அந்தக் கால் நூற்றாண்டின் நடுவில்தான் எம் மாமனின் வயிற்றில் கத்தி வைத்தார்கள் என்பதை யாம் மறக்கக் கூடவில்லை.

1979-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்னும் நோய்க்குறியியல் வைத்தியர், வெள்ளிச் சாயமிட்ட இரைப்பைத் துணுக்கில் வளைந்த கிருமிகள் கூட்டமாய் நிற்பதைக் கண்டார். 1981-இல் பாரி மார்ஷல் என்னும் இளைஞர் அவரோடு சேர்ந்தார். நோயாளிகளின் துணுக்குகளை வளர்ப்புத் தட்டில் இட்டு இரண்டு நாள் பார்த்து, ஒன்றும் முளைக்காமற்போக எறிந்துவிடுவது ஆய்வுக்கூட வழக்கம். முப்பத்துநான்கு முறை அவ்வாறே ஆயிற்று. 1982-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு எடுப்பாரின்றி ஐந்து நாள் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால், கிருமி வளர்ந்திருந்தது! மெல்ல வளரும் இயல்பினது அது. பொறுத்திருப்பார் இல்லாமையே குறை. உலகம் பின்னரும் நம்ப மறுக்கவே, 1984-இல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் கண்டன. உள்நோக்கிக் கருவியால் பார்த்தபோது இரைப்பையின் உட்சவ்வு அழன்றிருந்தது. 1989-இல் அக்கிருமிக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பெயர் நிலைத்தது. 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அதனைப் புற்றுநோய்க் காரணிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 2005-இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கூறவேண்டும். கருவியை இரைப்பைக்குள் செலுத்தும் வைத்தியரின் கண்ணுக்குக் கிருமி தெரிவதில்லை. அதன் நீளம் மூன்று மைக்ரான் அளவே; ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கி அதில் மூன்று பங்கு. எனவே சிறு இடுக்கியால் உட்சவ்வின் துணுக்கைக் கிள்ளி எடுத்து, யூரியா கலந்த மஞ்சள் கூழில் இடுவர். கிருமி இருந்தால் அது யூரியாவைப் பிளந்து அம்மோனியாவை உண்டாக்கும், மஞ்சள் இளஞ்சிவப்பாகும். அமிலத்தினிடையே அக்கிருமி பிழைத்திருப்பதும் இந்த அம்மோனியாவின் துணையால்தான் என்பது வியப்பே. ஆயினும் கிருமி இரைப்பை முழுதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. கிள்ளிய இடத்தில் இல்லாமல் அடுத்த இடத்தில் இருக்கலாம். அமிலம் குறைக்கும் மாத்திரையை நோயாளி உண்டுவந்தாலோ, கிருமி ஒடுங்கிக் கொள்ளும்; சோதனை பொய்யாக 'இல்லை' என்னும். அதனால்தான் சோதனைக்கு இரண்டு வாரம் முன்னரே அம்மாத்திரையை நிறுத்தச் சொல்வர்.

ஆகவே வைத்தியர்கள் வேறொரு வழியை நாடினர். திருடனைக் காண இயலாவிடில் அவன் காலடித் தடத்தையாவது காணலாம் அல்லவா? இதில் ஜப்பானியரை மிஞ்சியவர் எவருமிலர். இரைப்பைப் புற்று அந்நாட்டின் நெடுநாட் பகை. யாகி என்பாரும் அவர்தம் குழுவினரும் 2002-இல் எழுதியது எமக்கு மிகவும் பிடித்தமான செய்தி. கிருமியற்ற நல்ல இரைப்பையின் மேற்பகுதியை மிக அருகிற் கண்டால், நுண்ணிய சிரைகள் சிறு செம்புள்ளிகளாக, ஒன்றுக்கொன்று ஒத்த இடைவெளியில் வரிசையாக நிற்கும். மார்கழி விடியலில் வாசலில் இட்ட கோலப் புள்ளிகளை நினைத்துக்கொள்க. கிருமி குடியேறிச் சவ்வு வீங்கினால், புள்ளிகள் மங்கி, வரிசை கலைந்து மறையும்; கோலத்தின்மீது தண்ணீரைக் கொட்டியது போலாகும். அவ்வரிசை ஒழுங்காயிருத்தல், கிருமி இல்லை என்பதற்குப் பெரிதும் நம்பத்தக்க சான்று.

அடுத்தது ஒளியையே மாற்றும் முறை. வெள்ளொளியில் எல்லா நிறமும் கலந்துள்ளன. அவற்றை வடித்து, நீலத்தில் ஒரு சிறு பகுதியையும் பச்சையில் ஒரு சிறு பகுதியையும் மட்டும், அதாவது 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களைச் சூழ்ந்த ஒளியை மட்டும் செலுத்துவர். இரத்தத்தின் செம்பொருள் இவ்விரு ஒளியையும் நன்றாக உறிஞ்சும். நீல ஒளி ஆழச் செல்லாது மேற்பரப்பிலேயே நின்றுவிடும். ஆதலின் மேலோட்டமான நுண்குழல்கள் பழுப்பாகவும், அடியிலுள்ள சிரைகள் நீலப்பச்சையாகவும் பிரிந்து தோன்றும். ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனம் இம்முறையை 2005-இல் வெளியிட்டது. ஃபியூஜிஃபிலிம் நிறுவனத்தாரோ சிவப்பை மேலும் சிவப்பாகவும் வெளுப்பை மேலும் வெளுப்பாகவும் காட்டும் வேறொரு முறையைக் கொணர்ந்தனர். அதில் கிருமி பற்றிய இரைப்பை, வெற்றிலை மென்ற வாய்போல ஒரே செம்மையாகத் தெரியும். ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் கீஸ்லிச் என்பார் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஆயிரம் மடங்கு பெருக்கும் லேசர் நுண்பெருக்கியைக் கருவியின் முனையிலேயே பொருத்தி, சாயம் தெளித்து, உயிருள்ள இரைப்பைக்குள்ளேயே அக்கிருமியைக் கண்டதாக 2005-இல் அறிவித்தார். நேரிற் காண்பதென்றால் அதுவே நேரிற் காண்பது. எனினும் அக்கருவியின் விலையும் அதற்கு வேண்டிய பயிற்சியும் அதைப் பெருநகரங்களின் சில கூடங்களுக்குள்ளேயே நிறுத்திவிட்டன.

கணிப்பொறிக்கும் இக்கண்ணைக் கற்பித்துள்ளனர். 2017-இல் ஜப்பானியர் 32,000-க்கு மேற்பட்ட இரைப்பைப் படங்களைக் காட்டி ஒரு பொறியைப் பழக்கினர். தேர்ந்த வைத்தியர்க்கு அது சளைக்கவில்லை. ஆயினும் படத்தை மட்டும் நம்பி மருந்து எழுதுவார் அரியர். துணுக்கை எங்கே கிள்ளவேண்டும் என்பதைக் காட்டுவதே இன்றளவும் இம்முறைகளின் பெரும்பயன்.

ஐதராபாத்துக்கு மீள்வோம். இரைப்பைக் குடல் உள்நோக்கியலில் இந்நகருக்கு இன்று உலகப் புகழ் உண்டு. சோமாஜிகூடாவிலும் பின்னர்க் கச்சிபௌலியிலும் ஏஷியன் இன்ஸ்டிட்யூட் ஆப் காஸ்ட்ரோஎன்டராலஜி என்னும் நிறுவனத்தை வளர்த்தெடுத்த டாக்டர் நாகேஷ்வர் ரெட்டி, பொது மருத்துவத்தில் மேற்படிப்பைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் முடித்தவர் என்பதில் நமக்கொரு சிறு பெருமை. 2002-இல் பத்மஸ்ரீ, 2016-இல் பத்மபூஷண், 2025-இல் பத்மவிபூஷண் விருதுகள் அவரை வந்தடைந்தன.

எமக்கு இவற்றினும் நெஞ்சைத் தொட்டது, இதே நகரில் மரபணுச் சோதனை மையத்தில் நியாஸ் அகமது என்னும் அறிஞரின் குழு செய்த வேலை. இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டாரிடமிருந்தே ஒட்டுகிறது. மருந்தால் விரட்டாவிடில் ஆயுள் முழுதும் உடனிருக்கிறது. ஆகவே மக்கள் இடம் பெயர்ந்தால் கிருமியும் பெயரும். அதன் மரபணுவைப் படித்தால் மக்கள் நடந்த வழியைப் படிக்கலாம். இந்தியரின் இரைப்பையிலிருந்து எடுத்த கிருமிகளை அவ்வாறு ஆராய்ந்த அக்குழு, அவை ஐரோப்பியக் கிருமிகளின் கிளையைச் சேர்ந்தவை என்று 2007-இல் எழுதிற்று. ரேஷன் அட்டையும் மொழியும் மாறிய பின்னும், பிறந்த ஊரின் சுவடு வயிற்றில் இருக்கிறது. பாட்டியார் குறை கூறிய செகந்தராபாத் தண்ணீர் இவ்வழக்கில் பெரும்பாலும் நிரபராதியே. எம் மாமன் அக்கிருமியைத் திருச்சிராப்பள்ளியிலிருந்தே, டிரங்குப் பெட்டியோடும் பித்தளைக் கூஜாவோடும், கொண்டுவந்திருக்க வேண்டும்.

இதனால் எவரும் அஞ்சவேண்டுவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இக்கிருமியைத் தாங்குகின்றனர்; அவருள் பத்தில் ஒருவர் இருவர்க்கே புண் வருகிறது. வலி மாத்திரைகளை ஓயாது உண்பதாலும் புண் வரும். ஆனால் கிருமி உண்டென்று அறிந்து மருந்து தொடங்கினால் அரைகுறையாக நிறுத்தலாகாது. சென்னை, ஐதராபாத் முதலிய நகரங்களில் எடுத்த கிருமிகளை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மெட்ரோனிடசோல் என்னும் மருந்துக்கு அவற்றுள் நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டவை மசியவில்லை. வயிற்றுப்போக்கிற்கென்று நாம் கடையில் கேட்டு வாங்கும் மருந்துதான் அது. காலையில் ஒரு மாத்திரை, மாலையில் மறதி என்ற நம் வழக்கமும் இதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமென்ன?

சென்ற ஆண்டு எமக்கே அச்சோதனை வாய்த்தது. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தனர். இளம்வயதுத் தெலுங்குப் பெண் டாக்டர் திரையை எம் பக்கம் சற்றே திருப்பி வைத்தார். முதலில் ஈரம் மின்னும் செந்நிறக் குகை. பின்னர் ஒரு பொத்தானை அழுத்தவே, நிறமெல்லாம் மாறிப் பழுப்பும் பச்சையுமாயிற்று. புள்ளிக் கோலம் இருக்கவேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டி, 'லேது' என்றார். பேச இயலாத நிலையிலும் அச்சொல்லின் பொருள் எமக்குத் தெளிவாய் விளங்கிற்று. இரண்டு துணுக்குகள் கிள்ளினார். யாம் சட்டைப் பொத்தானை மாட்டுவதற்குள் மஞ்சள் கூழ் சிவக்கத் தொடங்கியிருந்தது. பதினான்கு நாள் மருந்து. ஒரு வேளையும் தவறவில்லை. எம் துணைவியார் நாட்காட்டியில் குறித்துவைத்துக் காவல் காத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனைக் காணச் சென்றோம். எண்பதைக் கடந்தவர், செவி சற்று மந்தம், நினைவு கூர்மை. பெர்த் நகரத்துத் தட்டையும், மார்ஷல் குடித்த கரைசலையும், திரையிற் கண்ட கலைந்த கோலத்தையும் எடுத்துக் கூறினோம். புண்ணுக்கு மூலம் கிருமியாகவே இருந்திருக்கக்கூடும் என்றும், இன்றாயின் இரு வாரத்து மாத்திரையோடு தீர்ந்திருக்கும் என்றும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் பழைய தழும்பை வேட்டிக்கு மேலாகத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, மாமிக்குக் கேட்கும்படியாக உரக்கக் கேட்டார்:

"அப்போ இத்தனை வருஷமா நான் விட்டுட்ட வத்தக்குழம்புக்கு யாருடா பதில் சொல்றது?"